எதிர்க் கம்பெனிக்காரர் குடும்பத்துடன் வந்த விழா

எங்கள் கம்பெனியை விட்டுப் போனவர்கள் நிறையப் பேர் உண்டு. திருப்பூருக்குப் போனவர்கள், துபாய்க்குப் போனவர்கள், கல்யாணம் ஆகிப் போன பெண்கள். அவர்களால் எந்தச் சிக்கலும் வந்ததில்லை. ஆயுத பூஜை சமயத்தில் ஊரில் இருந்தால் எட்டிப் பார்ப்பார்கள். பொரி, சுண்டல் வாங்கிக்கொண்டு, நாம் இளைத்துவிட்டோம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். டெஸ்பாட்ச் பார்த்துக்கொண்டிருந்த, நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் ஒருவர் மட்டும் அவ்வளவு தூரம் போகவில்லை. ரோட்டைத் தாண்டி எதிர்க் கம்பெனிக்குப் போனார். சிக்கல் அதுதான்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி கேட்டும் அவர்கள் கேட்டும் நேருக்கு நேர். நாங்களும் பீங்கானில் ப்யூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் செய்தோம், அவர்களும் அதையே செய்தார்கள். நான் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் வந்த பிறகும் என் வேலைக்கு டைப் அடிப்பது என்றுதான் பெயர். என் ஜன்னலில் இருந்து பார்த்தால் அண்ணன் அங்கே லாரிக்குப் பக்கத்தில் நின்று பெட்டிகளைச் சரிபார்ப்பது தெரியும். எட்டு வருஷமாக இந்தப் பக்கம் நின்று செய்த வேலையை அந்தப் பக்கம் நின்று செய்தார். அங்கே அவருக்குத் தனி மேசையும், மேசை மேல் பெயர்ப் பலகையும் கொடுத்திருந்தார்கள். அதற்காகத்தான் போனார் என்று பேசிக்கொண்டார்கள்.

அவர் மனைவி எங்கள் கம்பெனியிலேயே பேக்கிங்கில் இருந்தார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். புருஷன் எதிரே போனதும் அக்காவையும் நிறுத்திவிடலாமா என்று மேனேஜர் இரண்டு நாள் யோசித்தார். அக்கா கட்டிய பெட்டியில் ஒரு கட்டைகூட உடைந்து போனதில்லை. மூன்றாம் நாள் மேனேஜர் யோசிப்பதை நிறுத்திவிட்டார்.

அண்ணன் வேலையை விட்டுப் போன வருஷத்து ஆயுத பூஜை அன்று, அவர் கம்பெனியில் பூஜை முடிந்த கையோடு ஒரு லட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தார். எல்லாரும் சந்தோஷமாகப் பேசினோம். மேனேஜர் டப்பாவை வாங்கினார். மூடியில் அச்சடித்திருந்த கம்பெனிப் பெயரை ஒரு தடவை படித்தார். அதை அப்படியே பீரோ மேல் வைத்தார். அண்ணன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்பிப் போனார். மேனேஜர் சாப்பிடப் போனதும் டப்பா ஒரு நிமிஷத்தில் காலியானது. திரும்பி வந்தவர் காலி டப்பாவைப் பார்த்தார்.

"இனிமே வேலையை வுட்டுப் போனவங்க விசேஷத்துக்கு வரக்கூடாதும்மா. சொல்லிடு" என்றார்.

யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அண்ணனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அடுத்த இரண்டு வருஷமும் அவர் வரவில்லை.

மூன்றாவது வருஷம், ஜூன் மாதத்தில், எங்கள் ஃபோர்மேன் ஓய்வு பெற்றார். கம்மாபுரத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்து தினமும் டிவிஎஸ் வண்டியில் வருவார். கம்பெனி ஆரம்பித்த நாளில் இருந்து சூளையைப் பார்த்துக்கொண்டவர் அவர். சூளைக்குள் எவ்வளவு சூடு என்று மீட்டர் ஒன்று சொல்லும், இவர் ஒன்று சொல்வார். வெளியூரில் இருந்து மெக்கானிக் வந்து மீட்டரைத்தான் திருத்திவிட்டுப் போவார். அண்ணனைப் பதினெட்டு வயதில் கம்பெனிக்குக் கூட்டிவந்து சேர்த்ததும் அவர்தான்.

பிரிவு உபசார விழா என்று முடிவானதும் மேனேஜர் ஃபோர்மேனைக் கூப்பிட்டார். "யாரையெல்லாம் கூப்பிடணும்னு சொல்லுங்க" என்று கேட்டார்.

"யாரையும் வேணாங்க. அவன் மட்டும் வந்தா போதும்."

"எவன்?"

ஃபோர்மேன் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். எதிரே அண்ணன் லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"அது சரிப்படாதுங்க. விழா பேக்கிங் ஷெட்டுல நடக்குது. புது அச்செல்லாம் அங்கதான் அடுக்கியிருக்குது. எதிர்க் கம்பெனி ஆளை உள்ள விட்டா முதலாளி என்னைக் கேப்பாரு" என்றார் மேனேஜர்.

எதிர்க் கம்பெனி மாடியில் இருந்து பார்த்தால் எங்கள் பேக்கிங் ஷெட் முழுசாகத் தெரியும். இதை யாரும் சொல்லவில்லை.

"அப்ப எனக்கும் விழா வேணாங்க. கடைசி நாளு ஷிப்டு முடிஞ்சதும் போயிட்டு வரேன்" என்றார் ஃபோர்மேன். கோபமாகச் சொல்லவில்லை. சூளைக்கு டீசல் வரவில்லை என்று சொல்வது போலச் சொன்னார்.

ஃபோர்மேன் இல்லாமல் ஃபோர்மேனுக்கு விழா நடத்த முடியாது. சென்னையில் இருந்த முதலாளியோ, சால்வை, டேபிள் ஃபேன், பிரியாணி எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டார். மேனேஜர் இரண்டு நாள் எரிச்சலாகவே இருந்தார். மூன்றாம் நாள் என்னிடம் வந்தார். "நீ அழைப்பிதழை அடி. பார்த்துக்கலாம்" என்றார்.

நான் அடித்தேன். 'தொழிலாளர்கள் அனைவரும் குடும்பத்துடன் வந்திருந்து விழாவைச் சிறப்பிக்க வேண்டுகிறோம்.' கம்பெனி விழாவுக்குக் குடும்பத்தைக் கூப்பிடும் வழக்கம் அதுவரை இல்லை. மேனேஜர் அதை இரண்டு தடவை படித்தார். பேனாவை எடுத்து ஒரு காற்புள்ளி போட்டார். கையெழுத்தும் போட்டுவிட்டார்.

நகல் எடுத்து எல்லாருக்கும் கொடுத்தபோது அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"குடும்பத்துடன்னா, அவரும் வரலாமா?"

"குடும்பம்னா அவருதானேக்கா."

"எங்க மாமியாரும் இருக்காங்களே. அவங்களுக்குக் கூட்டம்னா ஆகாது."

"அப்ப அவரைக் கூட்டிட்டு வாங்க."

"உள்ள வந்தப்புறம் யாராச்சும் கேட்டா?"

"உங்க வூட்டுக்காரருன்னு சொல்லுங்க. அது பொய் இல்லையே."

அக்கா அழைப்பிதழை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். அவர் அதிகம் பேசமாட்டார். வைக்கோலைப் பிரிப்பது, கட்டையைச் சுற்றுவது, பெட்டியில் அடுக்குவது என்று கை மட்டும்தான் வேலை செய்யும். பன்னிரண்டு வருஷத்தில் அவர் குரலை மேனேஜர் கேட்டிருப்பாரா என்பது சந்தேகம்.

விழா சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு. மூன்று மணிக்கே நான் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அவர் கம்பெனியை விட்டு வெளியே வந்தார். எங்கள் கேட்டுக்கு நாற்பது அடி தூரம். அவர் ரோட்டைத் தாண்டவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு டவுன் பக்கம் போய்விட்டார். வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். நான்கு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அதே பைக்கில், பின்னால் அக்காவும் முன்னால் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுமாக வந்து இறங்கினார். குளித்துவிட்டு, வேட்டி சட்டையில், நெற்றியில் திருநீறோடு இருந்தார். நேராகத் தாண்டி வந்தால் எதிர்க் கம்பெனிக்காரர் வந்த மாதிரி ஆகிவிடும், வீட்டில் இருந்து வந்தால்தான் குடும்பமாக வந்த மாதிரி இருக்கும் என்று நினைத்தாராம். நாற்பது அடிக்காக நான்கு கிலோமீட்டர் சுற்றியிருக்கிறார்.

ஷெட் வாசலில் மேனேஜர் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"வணக்கம் சார். நான் இவங்க வூட்டுக்காரரு" என்றார் அண்ணன்.

எட்டு வருஷம் தன் கீழே வேலை பார்த்தவரை மேனேஜர் ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்படிங்களா. வாங்க. குடும்பத்துக்காரங்க வரிசை இடது பக்கம்."

அண்ணன் இடது பக்கம் போய் உட்கார்ந்தார். பழைய ஆட்கள் எல்லாரும் வலது பக்கத்தில் இருந்து தலையை ஆட்டினார்கள். அவரும் ஆட்டினார். எழுந்து போய்ப் பேசவில்லை. அச்சுகள் அடுக்கியிருந்த பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. கழுத்து சுளுக்கியவர் போல மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் ஒரு லாரி டிரைவர் உள்ளே வந்தார். பழக்க தோஷத்தில் நேராக அவரிடம் போய், "அண்ணே, வேப்பூர் சரக்குக்கு பில்லு குடுங்க" என்று கையை நீட்டினார்.

"நான் இங்க விருந்தாளிங்க. ஆபீஸ்ல கேளுங்க" என்றார் அண்ணன். அந்த டிரைவரை அவர் வாங்க போங்க என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நிகழ்ச்சித் தொகுப்பு என்னுடையது. கடவுள் வாழ்த்து, மேனேஜர் பேச்சு, முதலாளி அனுப்பிய வாழ்த்துக் கடிதம் படித்தல். அதன் பிறகு சால்வை. அதன் பிறகு டேபிள் ஃபேன். வாழ்க்கையெல்லாம் சூளை வாசலில் நின்றவருக்கு அதைத் தேர்ந்தெடுத்தது மேனேஜர்தான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஃபோர்மேன் ஃபேனை மடியில் வைத்துக்கொண்டு மேடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"அவனைப் பேசச் சொல்லு பாப்பா."

மைக் பக்கத்திலேயே இருந்ததால் அது எல்லாருக்கும் கேட்டது. நான் மேனேஜரைப் பார்த்தேன். மேனேஜர் கையில் இருந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். அதில் அப்படி ஒன்றும் இல்லை. நான் அண்ணனைப் பேச வருமாறு அழைத்தேன்.

அண்ணன் இருந்த இடத்திலேயே எழுந்து கும்பிட்டார். "நான் குடும்பத்துல ஒருத்தனாதான் வந்திருக்கேன். கம்பெனி மேடையில ஏறிப் பேசறது முறையில்லீங்க. மன்னிக்கணும்" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னது சரிதான். மேனேஜர்கூட லேசாகத் தலையை ஆட்டினார். ஆனால் ஃபோர்மேன் முகம் விழுந்துவிட்டது. ஃபேனின் வயரை எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தார். அடுத்தது நன்றியுரை. நான் பேப்பரைப் புரட்டினேன்.

அப்போது அக்கா எழுந்து வந்தார். மைக் அவர் உயரத்துக்கு மேலே இருந்தது. நான் இறக்கிக் கொடுத்தேன்.

"நான் கம்பெனி ஆளுதான். நான் பேசலாம்ல?" என்று என்னிடம் கேட்டார். அதுவும் மைக்கில் கேட்டது. பேசலாம் என்றேன்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க. ஆறு வருஷத்துக்கு முன்ன ஒரு சூளைச் சரக்கு மொத்தமும் வீணாப்போச்சே, எல்லாருக்கும் ஞாபகம் இருக்குதா? சூளையை அணைச்சா ஒன்றரை நாளு கதவைத் தொடக்கூடாது. அன்னிக்கு வேப்பூருல லாரி நிக்குதுன்னு அவசரப்பட்டு, ஃபோர்மேன் சாரு சாப்பிடப் போன நேரத்துல கதவைத் திறந்துட்டாங்க. குளிர் காத்து பட்டு ஒரு கட்டை வுடாம விரிசல் வுட்டுப்போச்சு. அதைத் திறந்தது எங்க வூட்டுக்காரருங்க."

வலது பக்கத்தில் இருந்த எல்லாரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சாரு வந்து பார்த்தாரு. உள்ள டிக்கு டிக்குன்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துதாம். இவரை வூட்டுக்குப் போடான்னு அனுப்பிட்டாரு. ஆபீஸ்ல போயி நான்தான் திறக்கச் சொன்னேன்னு சொல்லிட்டாரு. அப்ப நான் மாசமா இருந்தேங்க. இவருக்கு வேலை போயிருந்தா என்னா ஆயிருக்கும்னு தெரியல. சாரைப் பெரிய போஸ்ட்டுல போடறதா இருந்தாங்க. அதுக்கப்புறம் போடல. இத இவரால சொல்ல முடியல. கம்பெனி விட்டுப் போன ஆளு சொல்லக்கூடாதுன்னு சொல்றாரு. அதான் நான் சொல்லிட்டேன்."

மைக்கை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அந்தச் சம்பவத்துக்கு ஃபோர்மேனுக்கு மெமோ கொடுத்தார்கள். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரம். மெமோவை அடித்தது நான்தான். 'தங்களின் அலட்சியத்தால்' என்று மேனேஜர் சொல்ல, நான் அடித்தேன். அவர் கையெழுத்துப் போட்டு வாங்கும்போது, "எழுத்து நல்லா இருக்குது பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். மேடையில் நின்றுகொண்டிருந்த எனக்கு அது ஞாபகம் வந்தது.

அண்ணன் குனிந்து மகளின் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தை மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, அழவில்லை.

ஃபோர்மேன் ஃபேனைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். மைக்கை வாங்கினார்.

"அந்தப் பொண்ணு ஏதோ சொல்லுது. அன்னிக்குத் திறந்தது யாருன்னு எனக்கு மறந்துபோச்சு. மெமோவுல என் பேருதான் இருக்குது. கம்பெனி பேப்பருல என்னா இருக்குதோ அதுதான் கணக்கு. எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க."

நன்றியுரை சொல்ல வேண்டியவர் எழுந்து வரவே இல்லை. நான் நன்றி என்று மட்டும் சொல்லி மைக்கை அணைத்தேன். பிரியாணி நன்றாக இருந்தது. பழைய ஆட்கள் இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் நடுவில் நின்று சாப்பிட்டார்கள். அண்ணனும் ஃபோர்மேனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஃபோர்மேன் தன் இலையில் இருந்த முட்டையை எடுத்து அண்ணன் இலையில் வைத்தார். அண்ணன் மறுக்காமல் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை காலையில் மேனேஜர் பழைய மெமோ ஃபைலைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். படித்தார்.

"குடும்பத்துடன்னு நீ வேணும்னுதானே போட்ட?"

"ஆமா சார்."

"நான் குடும்பம்னா புள்ளைங்கன்னு நினைச்சேன்" என்றார். அப்படி நினைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் போட்ட காற்புள்ளி 'குடும்பத்துடன்' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "ரிட்டையர் ஆன ஆளுக்குக் குடுத்த மெமோவைத் திரும்ப வாங்க முடியுமா?" என்று கேட்டார்.

"அதுக்கு விதி ஒண்ணும் இல்ல சார்."

"கூடாதுன்னும் இல்லல்ல?"

"இல்ல சார்."

ஒரு கடிதம் சொன்னார். நான் அடித்தேன். இன்ன தேதியில் தங்களுக்குக் கொடுத்த மெமோ தவறான தகவலின் பேரில் கொடுக்கப்பட்டது, அது ரத்து செய்யப்படுகிறது. நான்கே வரி. ரிஜிஸ்தர் தபாலில் போனது. அத்தோடு ஒரு சுற்றறிக்கையும் சொன்னார். 'விழாக்களுக்கு முன்னாள் ஊழியர்கள் குடும்பத்தினர் என்ற முறையில் வரலாம். மைக்கில் பேசுவதற்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.' முதல் வரிக்கு நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். இரண்டாம் வரி அக்காவுக்காக என்று எல்லாருக்கும் தெரியும். அக்கா அதைப் படித்துவிட்டு, "நான் எங்க இன்னொரு வாட்டி பேசப் போறேன்" என்றார்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. அண்ணன் காலையிலேயே பைக்கில் குடும்பத்தோடு வந்து, அவர் கம்பெனி லட்டைக் கொடுத்தார். மேனேஜர் டப்பாவைப் பிரித்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஃபோர்மேனுக்கு நானே கார்டு எழுதிப் போட்டிருந்தேன். பூஜை முடிந்து மத்தியானம் ஆகியும் அவர் வரவில்லை. உடம்புக்கு ஏதாவதா என்று கேட்க அவர் வீட்டில் போன் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது கேட்டில் இருந்த வருகைப் பதிவு நோட்டைச் சும்மா புரட்டினேன். ஏஜென்சியில் இருந்து வந்த புது வாட்ச்மேன், அந்த மாதம்தான் சேர்ந்தவர், எல்லாரிடமும் எழுதி வாங்கிக்கொண்டிருந்தார். காலை பத்தேகால் என்று போட்டு, ஃபோர்மேன் பெயர் இருந்தது. ஊர்ப் பெயர் இருந்தது. அதற்கடுத்த கட்டம் காலியாக இருந்தது.

"இவரு வந்தாருங்களா?"

"வந்தாருங்க. எழுதிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் பேனாவை வச்சுட்டு, வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் பஸ்ஸில் அவர் ஊருக்குப் போனோம். பொரியும் லட்டும் ஒரு பையில் கொண்டுபோனோம். அவர் வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உள்ளே டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி அதற்கு முன்னால் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ரிஜிஸ்தர் தபாலைப் பற்றிக் கேட்டேன். வந்தது, பீரோவில் இருக்கிறது என்றார்.

"ஏன் சார் கேட்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டீங்க?"

"யாரைப் பார்க்கணும்னு ஒரு கட்டம் இருந்துது பாப்பா. யாரைன்னு போடுறது? சூளையைன்னா போட முடியும்?"

"என் பேரைப் போட்டிருக்கலாமே சார்."

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். பேப்பரை மடித்தார்.

"உன் பேரு எனக்குத் தெரியாதும்மா."

அக்கா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் உடனே வரவில்லை. என் பெயரைச் சொன்னேன். இன்ஷியலையும் கேட்டார். பேப்பர் ஓரத்தில் எழுதிக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் விசேஷத்துக்கு வரத் தொடங்கினார். விசேஷம் இல்லாத நாட்களிலும் வரத் தொடங்கினார். நோட்டில் என் பெயரை எழுதிவிட்டு நேராகச் சூளைக்குப் போவார். புது ஃபோர்மேன் கடலூர்க்காரர், படித்தவர். பெரியவர் வந்து கதவோரத்தில் கையை நீட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு மணி நேரம் விடுங்க" என்று சொல்வது அவருக்குப் பிடிக்கவில்லை. மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"உன்னைப் பார்க்கன்னுதானே வராரு. நீயே பக்குவமாச் சொல்லிடு."

சரி சார் என்றேன். அடுத்த முறை அவர் வந்தபோது டீ வாங்கிக் கொடுத்தேன். அதற்கடுத்த முறையும் டீ வாங்கிக் கொடுத்தேன். கல்யாணம் ஆகி நான் வேலையை விட்டு விழுப்புரம் போகும் வரைக்கும் அதைச் சொல்வதற்குச் சரியான வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. எனக்குப் பின்னால் வந்த பெண்ணிடம் அந்த வேலையையும் சேர்த்து ஒப்படைத்தேன். ஃபைல்கள், சாவி, ரப்பர் ஸ்டாம்புகளுக்குப் பிறகு கடைசியாகச் சொன்னேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு, "டீயில சர்க்கரை உண்டுங்களாக்கா அவருக்கு?" என்று கேட்டாள்.